பொருத்தம் தேடிய பேராசான்

ஈரான் நாட்டின் வடகிழக்கில், இன்றைய மஷ்ஹத் மாநகருக்கு அருகே, தூஸ் என்னும் பழம்பதி இருந்தது. ஷாநாமா என்னும் பாரசீகப் பெருங்காப்பியத்தை யாத்த ஃபிர்தௌஸியின் ஊர் அது. அக்கவியரசர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1058-ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 450), அதே ஊரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்). இஸ்லாமிய உலகம் அவரை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், அதாவது இஸ்லாத்தின் சான்று, என்று போற்றுகிறது. நம் நாட்டு அரபு மத்ரஸாக்களிலும் கடற்கரைப் பட்டினங்களின் பள்ளிவாசல்களிலும் இமாம் கஸ்ஸாலி என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

அன்னாரின் நூல்களையெல்லாம் எடைபோட எழுந்த கட்டுரையன்று இது. அது ஒரு மலரின் சில பக்கங்களில் அடங்கும் வேலையுமன்று. புகழின் உச்சியில் நின்ற ஒருவர் ஏன் அங்கிருந்து தாமே இறங்கினார், இறங்கிய பின் அவர் தேடிய மனநிறைவு அவருக்குக் கிட்டியதா என்ற வினாவைப் பின்தொடர்ந்து அவர் வாழ்வைப் பார்ப்பதே இங்கு நோக்கம். மேடையும் கைத்தட்டலும் பழகிய கவியரங்கத்தார்க்கு இவ்வினா அயலானதன்று.

தந்தையார் கம்பளி நூற்றுத் தம் சிறு கடையில் விற்று வாழ்ந்தவர் என்று வரலாற்றாசிரியர் சுப்கி எழுதுகிறார். நூற்பவரை அரபியில் கஸ்ஸால் என்பர்; பெயர் அதன் வழி வந்தது என்பது ஒரு சாரார் கருத்து. கஸாலா என்னும் ஊர்ப்பெயரின் வழி வந்ததென்போர் ஒற்று நீக்கிக் கஸாலி என்று எழுதுவர். தமிழில் நாம் ஒற்றோடு எழுதியே பழகிவிட்டோம். அந்த ஏழை நூற்பாளி ஓய்வு நேரங்களில் மார்க்க அறிஞர்களின் அவைகளுக்குச் செல்வாராம். சட்ட அறிஞர் பேசக் கேட்டால் தமக்கு அத்தகைய மகன் வேண்டுமென்றும், உபதேசியார் பேசக் கேட்டால் அத்தகைய மகன் வேண்டுமென்றும் கண்ணீர் மல்க இறைஞ்சுவாராம். மூத்த மகன் முஹம்மது சட்ட அறிஞரானார். இளைய மகன் அஹ்மது உருக்கமான உபதேசியாராகவும், காதலின் நுட்பங்களைப் பாரசீகத்தில் எழுதிய ஸவானிஹ் நூலின் ஆசிரியராகவும் ஆனார். இரண்டு வேண்டுதல்களும் பலித்ததைக் காண அத்தந்தை உயிரோடில்லை.

மரணப்படுக்கையில் அவர் தம் மக்கள் இருவரையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். எழுதக் கற்காமல் போனது தமக்குத் தீராத வருத்தம், அது தம் பிள்ளைகளுக்கு நேரக்கூடாது என்பதே அவர் விட்டுச்சென்ற வேண்டுகோள். விட்டுச்சென்ற பணமோ சிறிது. அது தீர்ந்ததும் நண்பர் மறைக்காமல் நிலைமையைச் சொன்னார். தாமும் வறியவர், ஆகவே உணவும் இருப்பிடமும் கிடைக்கும் மத்ரஸா ஒன்றில் மாணவராகச் சேர்வதே வழி என்றார். சிறுவர் அவ்வாறே சேர்ந்தனர். கல்வியைத் தாங்கள் இறைவனுக்காக நாடவில்லை, சோற்றுக்காகவே நாடினோம், ஆயினும் அக்கல்வி இறைவனுக்கன்றி வேறெதற்கும் உரியதாக இருக்க மறுத்துவிட்டது என்ற பொருள்படப் பிற்காலத்தில் இமாம் கூறுவதுண்டு. அது மறுத்தது உண்மைதான்; ஆனால் மறுப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இளமையில் அவர் ஜுர்ஜான் சென்று பாடம் கேட்டுத் திரும்பும்போது வழிப்பறிக் கள்வர் கூட்டம் பயணிகளைக் கொள்ளையிட்ட கதை பலர் அறிந்தது. எல்லாவற்றையும் பறிகொடுத்த மாணவர் கள்வர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று, உங்களுக்குப் பயன்படாத என் பாடக்குறிப்புகளையாவது தாருங்கள் என்று கெஞ்சினார். பை போனால் போய்விடும் கல்வி என்ன கல்வி என்று நகைத்து அவன் திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்து சேர்ந்தவர், மூன்றாண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்து முடித்த பிறகே ஓய்ந்தார். இறைவனே அக்கள்வனைப் பேசவைத்தான் என்று அவர் கருதினார்.

பின்பு நிஷாப்பூர். அக்காலத்தின் தலைசிறந்த இறையியல் ஆசான், இமாமுல் ஹரமைன் எனப்படும் ஜுவைனி, அங்கிருந்த நிஜாமிய்யா கல்லூரியில் கற்பித்துவந்தார். 1085-இல் ஆசான் மறையும்வரை கஸ்ஸாலி அவர் நிழலில் இருந்தார். சட்டம், தர்க்கம், இறையியல் யாவற்றிலும் மாணவர் ஆசானையே வியக்கவைத்தார். மறைவுக்குப் பின் ஸல்ஜூக் பேரரசின் பேரமைச்சர் நிஜாமுல் முல்க் கூட்டிய அறிஞர் அவைக்குச் சென்றார். அந்த அவை ஒரு களரி. வாதப் போரில் எதிரியை மடக்குவோர்க்கே அங்கு மதிப்பு. கஸ்ஸாலி அனைவரையும் மடக்கினார். 1091-இல், முப்பத்து மூன்றாம் வயதில், பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரித் தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இஸ்லாமிய உலகில் அதனினும் உயர்ந்த ஆசிரியப் பதவி அன்று இல்லை.

பக்தாதில் முந்நூறு மாணவர் அவரிடம் பாடம் கேட்டனர். அரசவையில் அமைச்சர்க்கும் இளவரசர்க்கும் நிகரான, சில வேளை மேலான, மரியாதை கிட்டியது. பகலில் பாடம், கிடைத்த இடைவெளிகளில் தனிமையில் நூலாராய்ச்சி. ஆசான் துணையின்றி மெய்யியல் நூல்களை இரண்டாண்டுக்குள் கற்று, மேலும் ஓராண்டு அவற்றைச் சிந்தையில் அசைபோட்டார். இப்னு ஸீனா முதலியோரின் கொள்கைகளை நடுநிலையோடு விளக்கும் நூல் ஒன்றை எழுதினார். பிறகு, அவற்றை மறுக்கும் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபாவை 1095-இன் தொடக்கத்தில் முடித்தார். அந்நூலுக்கு அந்தலூஸின் இப்னு ருஷ்து எழுதிய மறுப்பு பின்னாளில் வந்தது. அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அதை மெய்யியலார்க்கு விட்டுவிடுவோம்.

இதற்கிடையே அரசியல் வானம் இருண்டிருந்தது. 1092-இல் நிஜாமுல் முல்க், சூஃபி வேடத்தில் வந்தவன் ஒருவனின் கத்திக்கு இரையானார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். வாரிசுப் போர் மூண்டது. கஸ்ஸாலி பிற்பாடு பக்தாதை நீங்கியதற்கு இந்தக் கலக்கமே காரணம், உயிரச்சமே உண்மை, துறவு வெறும் திரை என்று எழுதிய ஆராய்ச்சியாளர் உண்டு. இக்கருத்தை முற்றிலும் தள்ள இயலாது. எந்த மனிதனின் முடிவும் ஒற்றைக் காரணத்தால் ஆவதன்று. ஆனால் உயிருக்கு அஞ்சியவர் வேறொரு மன்னனின் நிழலை நாடியிருப்பார். அவர் நாடியது எந்த மன்னனின் நிழலையுமன்று. அத்துடன், அச்சம் நாவைக் கட்டுமா என்பதும் எண்ணத்தக்கது.

ஏனெனில் நிகழ்ந்தது அதுதான். வழிகேட்டிலிருந்து மீட்சி எனப் பொருள்படும் அல்முன்கித் என்ற தன்வரலாற்று நூலில் அவரே அதைப் பதிவு செய்துள்ளார். மெய்யியலிலும் இறையியலிலும் தேடி அமையாத உள்ளம் சூஃபியர் நூல்களை நாடிற்று. படித்தார், புரிந்தது. புரிந்ததாலேயே ஓர் உண்மை அவரைச் சுட்டது. நலத்தின் இலக்கணத்தை அறிந்த மருத்துவன் நோயில் கிடப்பதுபோல், பற்றறுத்தலின் இலக்கணம் முழுதும் அறிந்து தாம் பற்றில் கிடப்பதைக் கண்டார். தம் போதனையைச் சோதித்தார். அது சிறந்த பணிதான். ஆயினும் அதைத் தூண்டும் எண்ணம் இறைவனை நோக்கியதாக இல்லை. பதவியையும் பெயரையும் நோக்கியதாக இருந்தது. ஒருநாள் பக்தாதை விட உறுதி கொள்வார். மறுநாள் அவ்வுறுதி கலையும். காலையில் மறுமையின் ஆசை எழும். மாலைக்குள் இவ்வுலக ஆசையின் படை வந்து அதைக் கலைத்துவிடும்.

1095 ஜூலை முதல் ஏறத்தாழ ஆறு மாதம் இவ்வாறு கழிந்தது. பின் ஒருநாள் பாடம் சொல்லும்போது நா எழவில்லை. மாணவர் மனம் குளிர ஒரு நாளேனும் பேச முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளத்தின் துயர் உடலில் இறங்கியது. நீரும் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு கவளமும் செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். இது நெஞ்சில் விழுந்து உடலுக்குப் பரவியது. நெஞ்சின் சுமை இறங்கினாலன்றி மருந்து பயன்படாது என்றனர். நாவால் பேரரசை வென்ற மனிதரிடமிருந்து அந்த நாவையே முதலில் வாங்கிக்கொண்டான் இறைவன்.

வேறு வழியற்றவன் இறைவனிடம் ஒதுங்குவதுபோல் தாம் ஒதுங்கியதாக அவர் எழுதுகிறார். அதன் பின் துறப்பது எளிதாயிற்று. மக்கா செல்வதாக வெளியில் சொன்னார். மனத்தில் சிரியா செல்லும் எண்ணம் இருந்தது. கலீஃபாவும் நண்பர்களும் தடுப்பர் என்று அஞ்சியே இப்படிச் செய்தார். குழந்தைகளின் உணவுக்கும் தம் வழிச்செலவுக்கும் போதுமானதை மட்டும் வைத்து மற்ற செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். இராக்கின் அறக்கட்டளைச் சொத்துகள் முஸ்லிம்களின் பொதுநலனுக்குரியவை. அறிஞன் தன் குடும்பத்திற்கு எடுக்க அதனினும் தூய பொருள் இல்லை என்ற சட்ட நுணுக்கத்தையும் அவ்விடத்தில் குறிப்பிடுகிறார். துறவின் நடுவிலும் சட்ட அறிஞர் விழித்திருந்தார் என்பது எனக்குப் பிடித்தமான செய்தி. குடும்பத்தைத் தெருவில் விட்டுச் செல்லும் துறவை இஸ்லாம் கேட்பதில்லை. நிஜாமிய்யாவில் அவர் இருக்கையைத் தம்பி அஹ்மது சிறிது காலம் காத்துநின்றார். 1095 நவம்பரில் கஸ்ஸாலி பக்தாதின் எல்லையைக் கடந்தார்.

திமிஷ்க் நகர் உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் தனித்திருப்பது அவர் வழக்கமாயிற்று. தனிமை, தியானம், உள்ளத்தைத் தூய்மை செய்தல் என்பவையன்றி வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. பின்பு ஜெரூசலேம் சென்று குப்பத்துஸ் ஸக்ராவில் அவ்வாறே கதவடைத்திருந்தார். அங்கிருந்து ஹெப்ரானில் நபி இப்ராஹீம் (அலை) அடக்கத்தலத்துக்குச் சென்று மூன்று உறுதிமொழிகள் எடுத்தார். எந்த அரசனின் அவைக்கும் செல்வதில்லை. எந்த அரசின் பணத்தையும் ஏற்பதில்லை. எந்த வாதப் போரிலும் இறங்குவதில்லை. இம்மூன்றும் பக்தாதில் அவரை வளர்த்தவை. பின் மக்கா, மதீனா யாத்திரை. குழந்தைகளின் அழைப்பும் வீட்டின் நினைவும் அவரை ஊர்ப்பக்கம் இழுத்தன. 1097-இல் பக்தாதில் அவரை நேரில் கண்டதாக அந்தலூஸ் அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி எழுதியிருக்கிறார். அதன்பின் தூஸ். ஊர் திரும்பிய பின்னும் தனிமையை விடவில்லை. ஆயினும் பிழைப்பின் கவலைகளும் குடும்பத்தின் தேவைகளும் தனிமையின் தெளிவைக் குலைத்ததையும், நிறைந்த நிலை இடையிடையே மட்டுமே வாய்த்ததையும் மறைக்காமல் சொல்கிறார். இந்த ஒப்புதல் இல்லாதிருந்தால் அவர் தன்வரலாறு ஒரு வெற்றிக்கதையாகியிருக்கும், நமக்கும் உதவியிருக்காது.

இந்த ஆண்டுகளின் கனியே இஹ்யா உலூமித்தீன், மார்க்க அறிவுகளுக்கு மீண்டும் உயிரூட்டல் என்னும் பெருநூல். நாற்பது நூல்கள், நான்கு பகுதிகள். வணக்கங்கள், வாழ்க்கை நடைமுறைகள், அழிவில் தள்ளும் குணங்கள், ஈடேற்றும் குணங்கள் என்பன அப்பகுதிகள். அறிவைப் பற்றிய நூலில் தொடங்கி மரணத்தைப் பற்றிய நூலில் முடிகிறது. தொழுகையைப் பற்றி எழுதும்போது அதன் சட்டங்களோடு நில்லாமல், உள்ளம் உடனிருக்கிறதா என்று கேட்கிறார். புகழாசையும் முகத்துதியும் பற்றிய நூலைப் படிப்போர், இதை எழுதியவர் அந்நோயை வெளியிலிருந்து பார்த்தவரல்லர் என்பதை உடனே உணர்வர். பதவியாசை என்பது பிறர் உள்ளங்களை உடைமையாக்கும் ஆசை, பொருளாசையினும் அது வலியது என்று அவர் பகுத்துக்காட்டும்போது பக்தாதின் நாட்கள் பின்னால் நிற்கின்றன. இதே பொருளைப் பொதுமக்களுக்கென்று பாரசீகத்தில் சுருக்கிக் கீமியாயே ஸஆதத் என்று தந்தார். கீமியா என்றால் ரசவாதம். சித்தர் பாடல்களில் ஊறிய தமிழர்க்குச் செம்பு பொன்னாகும் அவ்வுவமை உடனே விளங்கும்.

முப்பத்தாறாம் நூல் அன்பு, ஏக்கம், நெருக்கம், ரிளா ஆகியவற்றைப் பற்றியது. ரிளா என்னும் அரபுச் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் பொருத்தம் என்று வழங்கிவருகின்றனர். இறைவனின் திருப்பொருத்தம் என்பது நம் வீடுகளில் நாளும் கேட்கும் தொடர். திருப்தி, மனநிறைவு என்ற சொற்களைவிட இது ஆழமானதென்பது என் எண்ணம். பொருந்துதல் இருபுறமும் நிகழ்வது. அடியான் இறைவனின் தீர்ப்பில் பொருந்துகிறான். இறைவன் அடியானில் பொருந்துகிறான்.

கஸ்ஸாலியின் காலத்திலேயே ஒரு தடை எழுப்பப்பட்டது. துன்பம் வரும்போது பொறுத்துக்கொள்ளலாம். அதில் ஒருவன் பொருந்துவது எப்படிக் கூடும்? மனத்தின் விருப்பத்துக்கு எதிரானதை மனம் விரும்புமா? வாதம் துறந்தவர் இதை வாதத்தால் சந்திக்கவில்லை, அனுபவத்தால் சந்திக்கிறார். போரின் வேகத்தில் வீரன் தன் காயத்தை அறிவதில்லை. குருதியைக் கண்ட பிறகே வலி தெரிகிறது. ஒன்றில் உள்ளம் முழுகியிருக்கும்போது வேறொன்று அதை எட்டுவதில்லை. அன்பில் முழுகியவர்க்கு அன்பனின் அடியும் அப்படியே. இது மேல்நிலை. அடுத்த நிலையில் வலி தெரியும்; தெரிந்தும் மனம் ஒப்பும். நோயாளி குருதி எடுக்கும் கத்திக்குக் கையை நீட்டுகிறான். வலிக்கிறது, ஆயினும் மருத்துவனுக்கு நன்றி சொல்கிறான். வணிகன் கடற்பயணத்தின் இன்னல்களைத் தானே விரும்பி ஏற்கிறான். மரக்கலம் ஏறிப் பழகிய நம் கடற்கரை மக்களுக்கு இவ்வுவமை நன்கு விளங்கியிருக்கும்.

இங்கே அவர் ஒரு வாசலையும் அடைக்கிறார். பொருந்துதல் என்பது கைகட்டிக் கிடத்தல் என்று எண்ணுவோர்க்கான வாசல் அது. இறைவனிடம் வேண்டுவது பொருத்தத்துக்கு மாறானதன்று. ஏனெனில் வேண்டுமாறு பணித்தவனும் அவனே. தாகத்திற்கு நீர் அருந்துவது எப்படித் தீர்ப்பை எதிர்ப்பதாகாதோ அப்படியே இதுவும். தீமையைக் கண்டு வெறுப்பதும் பொருத்தத்தைக் கெடுப்பதன்று. அநீதியைக் கண்டும் எல்லாம் அவன் செயல் என்று கண்மூடுவோனை அவர் அறிவிலி என்றே கருதினார்.

கவிஞர்கள் சிறப்பாகக் கருதவேண்டிய பகுதி ஒன்றும் இஹ்யாவில் உண்டு. இசை கேட்டலும் அதனால் விளையும் உணர்வுப் பெருக்கும் பற்றிய பதினெட்டாம் நூல் அது. பாட்டை அறவே விலக்கியோர் அன்றும் இருந்தனர். கஸ்ஸாலி அவ்வாறு விலக்கவில்லை. இரும்பில் நெருப்பு மறைந்திருப்பதுபோல் உள்ளத்தில் மறைந்திருப்பதையே பாட்டு வெளிக்கொணர்கிறது. ஆகவே விளைவு கேட்பவனைப் பொறுத்தது என்றார். திருக்குர்ஆன் ஓதக்கேட்கும்போது எழாத உருக்கம் சில வேளை கவிதையைக் கேட்கும்போது எழுவதேன் என்ற கடினமான கேள்வியையும் தயங்காமல் எடுத்து ஏழு காரணங்கள் கூறினார். திருமறை வசனங்கள் யாவும் ஒவ்வொரு கேட்பவனின் அப்போதைய நிலைக்கு இசைவதில்லை. பலமுறை கேட்டதில் பழக்கம் படிந்துவிடுகிறது, புதிய பாட்டோ முதல்முறை கேட்பதன் வேகத்தோடு வருகிறது. யாப்பின் ஒழுங்குக்குத் தனி ஆற்றல் உண்டு என்று அவை செல்கின்றன. இறைமொழியின் மேன்மையைச் சிறிதும் குறைக்காமல், மனித மனத்தின் இயல்பை ஒளிக்காமல் சொல்லும் துணிவு இதில் இருக்கிறது. அதே இடத்தில் ஒரு நிகழ்ச்சி. அரபுப் பாட்டொன்றைக் கேட்ட பாரசீகர் ஒருவர் பரவசமானார். பாட்டின் பொருள் அவருக்குத் தெரியாது. அதில் வந்த அரபுச் சொல்லொன்று, நாங்கள் அழிவின் விளிம்பில் இருக்கிறோம் என்ற பாரசீகச் சொல்லாக அவர் காதில் விழுந்தது, அதற்கே அழுதார். கஸ்ஸாலி அவரை நகைக்கவில்லை. பொருளைத் தவறாகக் கேட்டவரின் கண்ணீரும் மெய்க்கண்ணீரே என்று ஏற்றுக்கொண்டார்.

உள்ளத்தைப் பற்றிய நூலில் அவர் சொல்லும் ஓவியப் போட்டியும் நம்மவர்க்கு உரியது. சீனரும் ரோமரும் ஒரு மண்டபத்தின் எதிரெதிர்ச் சுவர்களில் தம் திறம் காட்டப் புகுந்தனர், நடுவே திரை. ரோமர் பல வண்ணங்களில் தீட்டினர். சீனர் வண்ணமே கேட்காமல் தம் சுவரை மெருகேற்றிக்கொண்டே இருந்தனர். திரை விலகியதும் எதிர்ச்சுவரின் ஓவியம் முழுதும் அதனினும் ஒளியோடு மெருகேறிய சுவரில் தெரிந்தது. பின்னாளில் மௌலானா ரூமி இக்கதையை எடுத்தாண்டபோது தீட்டியோரையும் துலக்கியோரையும் இடம் மாற்றிவிட்டார்.

தமிழர்க்கும் கஸ்ஸாலிக்கும் உள்ள தொடர்பு கீமியாவோடு முடியவில்லை. நம் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ சட்டநெறியினர். அந்நெறியில் கஸ்ஸாலி எழுதிய சட்டநூல்களே ராஃபிஈ, நவவி ஆகியோரின் பிற்கால நூல்களுக்கு அடித்தளம். இஹ்யாவின் பகுதிகள் பலவும் தமிழில் தனித்தனி நூல்களாக வந்துள்ளன.

எல்லோரும் இஹ்யாவை மகிழ்ந்து வரவேற்றனர் என்று கொள்ளலாகாது. 1109-இல், ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே, அல்முராவித் ஆட்சியிலிருந்த குர்துபா நகரில் அங்குள்ள சட்ட அறிஞர்களின் தீர்ப்பின்படி அது எரிக்கப்பட்டது. உலக ஊதியத்துக்காகச் சட்டம் பயிலும் அறிஞர்களை முதல் நூலிலேயே அவர் சாடியிருந்தார் என்பதை நினைத்தால் இத்தீயின் காரணம் ஓரளவு விளங்கும். நபிமொழிகளில் வலுவற்றவை பல அதில் இடம்பெற்றிருப்பதை நேர்மையான அறிஞர்களும் சுட்டிக்காட்டினர். அக்குறை உண்மையானது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவின் கடினமான பகுதிக்கு வருகிறோம். பதினொரு ஆண்டுத் தனிமைக்குப் பின் 1106-இல் கஸ்ஸாலி மீண்டும் அரசுக் கல்லூரியில் கற்பிக்கச் சென்றார். நிஜாமுல் முல்க்கின் மகனும் குராஸானின் அமைச்சருமான ஃபக்ருல் முல்க் வற்புறுத்தி நிஷாப்பூருக்கு அழைத்தார். பின்னர் சஞ்சர் மன்னரின் முன் வருமாறும் அழைப்பு வந்தது. இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில் எடுத்த உறுதிமொழியை நினைவூட்டி விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார், இருந்தும் செல்லவேண்டியதாயிற்று. அப்படியானால் உறுதி குலைந்ததா? துறவு தோற்றதா? கண்டிப்பான கணக்கெடுத்தால் குலைந்தது என்றே சொல்லவேண்டும். அவர் தம் சார்பில் சொல்லும் விளக்கம் வேறு. மக்களிடையே நம்பிக்கை தளர்ந்திருக்கும் காலத்தில் தனிமையின் சுகத்துக்காகவே ஒதுங்கியிருப்பது சோம்பலாகும் என்று உணர்ந்தார், உள்ளத்தெளிவுடையோரிடம் கலந்தார், நூற்றாண்டின் தலைப்பில் மார்க்கத்தைப் புதுப்பிப்பவர் தோன்றுவார் என்ற நபிமொழியும் மனத்தில் இருந்தது. முன்பு பதவி தேடித்தரும் அறிவைப் போதித்தேன், இப்போது பதவியைத் துறக்கச்செய்யும் அறிவைப் போதிக்கிறேன் என்ற கருத்தில் இரு காலங்களையும் பிரித்துக்காட்டுகிறார்.

இது அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது, ஐயுறுவோர் ஐயுறலாம். நல்வாய்ப்பாக, ஐயுற்ற ஒருவரின் சாட்சியமே நமக்குக் கிடைத்திருக்கிறது. நிஷாப்பூரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸி, கஸ்ஸாலியை இளமையிலிருந்தே அறிந்தவர். பேச்சுத்திறனாலும் கூர்மதியாலும் செருக்குற்று, பிறரை இளக்காரமாகப் பார்த்த பழைய கஸ்ஸாலியை அவர் மறக்கவில்லை. ஆகவே திரும்பி வந்தவரின் பணிவைக் கண்டபோது அது போர்த்திக்கொண்ட பாசாங்கு என்றே எண்ணினார். பலமுறை சென்று பார்த்தார், சோதித்தார். இறுதியில் தம் எண்ணம் பிழையென்றும், அம்மனிதர் பித்தம் தெளிந்தவர்போல் மெய்யாகவே மாறிவிட்டார் என்றும் எழுதிவைத்தார். ஒருவரின் மனநிறைவுக்கு அவருடைய பழைய இறுமாப்பை நேரில் கண்டவர் தரும் சான்றைவிட வலிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்துல் காஃபிர் தரும் இன்னொரு செய்தி எழுதுவோர் அனைவருக்கும் உரியது. கஸ்ஸாலியின் நடையில் இலக்கணப் பிழைகள் இருப்பதாகச் சிலர் குறை கூறினர். தாம் அக்கலையை ஆழ்ந்து பயிலவில்லை என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். தம் நாட்டம் கருத்தின் மீதே இருந்தது என்றும், பிழை கண்டவர் தம் நூல்களில் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் இசைவு தந்தார். ஒரு சந்திப்பிழையைச் சுட்டினால் ஓராண்டு பேசாதிருக்கும் நம் புலவர் சிலரை இங்கு நினைக்காமலிருக்க முடியவில்லை.

சில ஆண்டுகளில் நிஷாப்பூரையும் விட்டுத் தூஸுக்கே திரும்பினார். வீட்டின் அருகே மாணவர்க்கு ஒரு மத்ரஸாவும் சூஃபியர்க்கு ஒரு தங்குமனையும் அமைத்தார். திருக்குர்ஆன் ஓதுதல், உள்ளத்தார் கூட்டத்தில் அமர்தல், பாடம் சொல்லுதல் என்று நாளைப் பகுத்துக்கொண்டார். முன்னோர் வழியிலும் உழைப்பிலும் வந்தது குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. பலர் நீட்டிய பணத்தை ஏற்கவில்லை. 1110-இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியர் மறைந்தபோது அதே பழைய இருக்கை மீண்டும் அவரைத் தேடி வந்தது. இம்முறை மறுத்துவிட்டார். ஆறு மாதம் உள்ளத்தோடு போராடியும் விடமுடியாதிருந்த அதே இடம் அது. இப்போது ஒரு கடிதத்தில் முடிந்தது.

நபிமொழிக் கலையில் தாம் குறையுடையவர் என்பதை அறிந்தே இருந்தார். வாழ்வின் கடைசி நாட்களில் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளைக் கற்க முனைந்து, அக்கலை வல்லார் முன் மாணவராக அமர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய, இஸ்லாமிய உலகெங்கும் பெயர் பரவிய ஒருவர், மீண்டும் பாடம் கேட்கும் பிள்ளையானார். எழுதுகோலும் ஓயவில்லை. பொதுமக்களை இறையியல் வாதங்களிலிருந்து காக்கும் நோக்கில் எழுதிய சிறுநூல் ஒன்று மறைவுக்குச் சில நாட்கள் முன்னர்தான் முடிந்தது.

1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை (ஹிஜ்ரி 505). அன்று நடந்ததைத் தம்பி அஹ்மது கூறியதாகப் பதிவுகள் உள்ளன. வைகறையில் இமாம் எழுந்து உளூச் செய்து தொழுதார். தம் கஃபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார். அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அரசனின் சமுகத்துக்குச் செல்லச் சித்தமென்று சொன்னார். அரசரவை ஏகமாட்டேன் என்று சூளுரைத்தவர் இப்படிச் சொன்னார். பின்னர் கிப்லாவின் திசையில் கால்களை நீட்டிப் படுத்தார். பொழுது விடியுமுன் உயிர் பிரிந்தது. அவருக்கு ஆண்மக்கள் எஞ்சவில்லை, பெண்மக்களே இருந்தனர்.